விட்டுப்போன மூன்று வினாடி

நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி வெள்ளி விழா கொண்டாடுகிறதாம். மலர் போடுகிறார்களாம். ஹெச்.ஆர். செக்‌ஷனிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "உங்க இனிமையான நினைவுகள் ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க சார்" என்றாள். கம்பெனியில் எனக்கு என்ன வேலை என்றே அவளுக்குத் தெரியவில்லை. தையல் லைனில் டைலர்கள் தைப்பதை வீடியோ எடுத்து, அதில் வேண்டிய துண்டை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டிக் கொடுப்பதுதான் வேலை என்று சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"அதுக்குன்னு தனியா ஒரு ஆளுங்களா சார்? இப்ப போன்லயே ரெண்டு விரல வெச்சு இழுத்தாப் போதுமுங்களே."

போதும்தான். இழுத்த பிறகு எது வந்தது, எது போனது என்று திரும்பிப் பார்க்காதவர்களுக்கு எல்லாமே போதும். அப்படிப்பட்டவர்களோடு நான் பல வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். அவர்களில் சிலர் டை கட்டியிருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மலரில் முதல் பக்கத்தில் முதலாளி சிரிப்பார். அடுத்த பக்கத்தில் அவர் மகன் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிரிப்பார். நடுவில் நான் எழுதுவதைப் போட அவர்களுக்கென்ன பைத்தியமா? போடமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு எழுதுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பல்லடத்தில் ஒரு வீடியோ கடையில் கல்யாணம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் மாமா தள்ளாடிக்கொண்டு ஆடியதை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுத்துவிட்டால், எங்கள் மாமாவை ஏன் காணோம் என்று கடை வாசலில் வந்து நிற்பார்கள். அந்த வருஷங்களில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். தாலி கட்டுகிற இடத்தில் வெட்டு ஒரு வினாடி பிசகினால் கடையின் பெயர் அந்தக் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு நாறும். அதனால் ஒரு துண்டை வெட்டி முடித்ததும், அதன் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும், அதாவது ஃபிரேமை, நிறுத்திப் பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டேன். மற்றபடி அந்தக் கடையில் நான் கண்டது முதுகுவலி.

இரண்டாயிரத்துக்குப் பிறகு திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஒரு புது வியாதி பரவியது. அதற்குப் பெயர் ஐ.இ., அதாவது இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட். ஒரு டி-ஷர்ட்டுக்குக் கை வைக்க எத்தனை வினாடி, கழுத்துப் பட்டி வைக்க எத்தனை வினாடி என்று அளந்து, மணிக்கு இத்தனை பீஸ் வரவேண்டும் என்று டார்கெட் போடுகிறவர்கள். பக்கத்துக் கம்பெனி வைத்தால் நம் கம்பெனியும் வைக்க வேண்டும். பல்லடம் ரோட்டில் இருந்த எங்கள் முதலாளியும் வைத்தார். அதற்கு மேனேஜராக பெங்களூரில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஸ்ரீதரன் வந்தார். வீடியோ எடுக்க ஆள் வேண்டும் என்றார். நான் மாட்டினேன்.

ஸ்ரீதரன் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உடுமலைப் பக்கத்துக்காரர். கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். வீடியோ வந்த பிறகு அதற்கு வேலை இல்லை, இருந்தாலும் தொங்கும். உட்காரும் முன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார். டீ வந்தால் கண்ணாடி டம்ளரின் விளிம்பை அதே கைக்குட்டையால் சுற்றித் துடைப்பார். எது எதைச் சுத்தம் செய்கிறது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. லைனில் நடந்து போனால் டைலர்களின் கையை மட்டும்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். அவர்களில் ஒருவரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. மிஷின் நம்பர்தான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சூப்பர்வைசர்கள் எல்லாம் வாயைத் திறந்தாலே காது கூசும் தொழில் இது. இவர் எதற்கும் "நல்லதுங்க" என்பார். உங்கள் வேலையைப் பிடுங்கும்போதும் "நல்லதுங்க, நீங்க ஊட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார். பிடுங்கப்பட்டவர் வாசல் தாண்டி பஸ் ஏறின பிறகுதான் நடந்தது புரியும். எதிர்த்துப் பேசினால் கோபப்படமாட்டார். "நீங்க சொல்றது சரிங்க. ஆனா டேட்டா அப்படிச் சொல்லலீங்களே" என்பார். டேட்டா என்பது அவருக்கு மட்டும் தெரிந்த குலதெய்வம் மாதிரி. அதனிடம் வேறு யாரும் போய்க் கேட்க முடியாது.

இனி என் வேலை. டைலருக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டு வைத்து, அவர் பத்துப் பதினைந்து பீஸ் தைக்கும்வரை கேமராவை ஓடவிடுவேன். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இடம் பற்றாததால் சுருக்கி வைப்போம். சுருக்கிய வீடியோவிலிருந்து ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு துண்டு வெட்ட வேண்டும். டைலரின் விரல் துணியைத் தொடுகிற படத்தில் துண்டு ஆரம்பிக்க வேண்டும். தைத்த பீஸ் அடுக்கில் விழுகிற படத்தில் முடிய வேண்டும். அந்தத் துண்டின் நீளம்தான் அந்த வேலைக்கான நேரம். அதை வைத்துத்தான் டார்கெட். அதனால் வெட்டுகிற இடம் தவறினால் தவறுவது வீடியோ மட்டும் இல்லை.

வெட்டுவதற்கு இலவசமாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. பட்டன் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி டைப் அடிக்க வேண்டும். வீடியோவின் பெயர், எந்த நேரத்திலிருந்து, எவ்வளவு நீளம், வெட்டியதற்கு என்ன பெயர். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குள்தான் எல்லாச் சூதும் இருக்கிறது. ஆரம்ப நேரத்தை வீடியோவின் பெயருக்கு முன்னால் எழுதினால் அது குத்துமதிப்பாக ஓர் இடத்துக்குத் தாவும். பின்னால் எழுதினால் முதலிலிருந்து ஒவ்வொரு படமாக நடந்து வந்து சேரும். நடந்து வர நேரமாகும். நான் எப்போதும் பின்னால்தான் எழுதுவேன்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சுருக்கிய வீடியோவில் எல்லாப் படமும் முழுப் படம் கிடையாது. எப்போதாவது ஒரு முழுப் படம் இருக்கும். அதற்குப் பின்னால் வருவதெல்லாம், 'முன்னால் இருந்ததில் இந்த இடம் மட்டும் மாறியிருக்கிறது' என்கிற குறிப்புதான். முழுப் படம் இல்லாமல் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் பார்க்க முடியாது. ஆகவே சரியான இடத்தில் வெட்ட வேண்டுமென்றால் அந்தப் பகுதியை முழுதும் விரித்து, வேண்டிய படத்திலிருந்து மறுபடியும் சுருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஒரு துண்டுக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நான் குடித்துவிட்டு வருவேன். வந்து முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பார்ப்பேன்.

ஸ்ரீதரன் சார் அந்த டீயை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏனுங்க சுப்பிரமணி, ஒரு வெட்டுக்கு இத்தன நேரமாங்க?" என்று ஒரு நாள் கேட்டார். விளக்கினேன். "நல்லதுங்க" என்றார். அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வல்லுநர் வந்து இறங்கினார்.

வல்லுநர் டை கட்டியிருந்தார். மே மாதத்தில், எக்ஸாஸ்ட் ஃபேன்கூட இல்லாத அறையில் டை. தையல் லைன் எந்தப் பக்கம் என்று அவர் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நூறு வெட்டுக்கான வரிகளையும் ஒரே கோப்பில் எழுதி, ஒரு தட்டுத் தட்டினார். நூறு துண்டும் விழுந்தன. ஸ்ரீதரன் சார் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தக் கண்ணீராகவும் இருக்கலாம்.

அந்த வரியை எட்டிப் பார்த்தேன். நடுவில் 'காப்பி' என்ற ஒரு சொல் இருந்தது. அதன் அர்த்தம், எதையும் விரிக்காதே, மறுபடி சுருக்காதே, இருப்பதை அப்படியே பிய்த்துக் கொடு என்பது. பிய்க்கிற இடத்தில் முழுப் படம் இல்லையென்றால் அந்தச் சாஃப்ட்வேர் என்ன செய்யும்? அடுத்த முழுப் படம் வரும்வரை இருப்பதையெல்லாம் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். நாம் கேட்ட இடத்தில் துண்டு ஆரம்பிக்காது. அதற்கு எங்கே தோதோ அங்கே ஆரம்பிக்கும்.

"சார், இது வெட்டறதில்லீங்க, பிய்க்கறதுங்க" என்றேன். "ஒவ்வொரு துண்டுலயும் முன்னால கொஞ்சம் விட்டுப் போகுமுங்க."

வல்லுநர் என்னைப் பார்க்காமல் ஸ்ரீதரன் சாரிடம் சொன்னார்: "அதெல்லாம் நெக்லிஜிபிள் சார். ஒண்ணுல கூடும், ஒண்ணுல குறையும், ஆவரேஜ்ல சரியாயிரும்."

ஒன்றிலும் கூடாது ஐயா, குறையத்தான் செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் "நல்லதுங்க" வந்துவிட்டது. எனக்கு இனிமேல் கேமராவைப் பிடிக்கிற வேலை மட்டும்.

அந்த ஆவரேஜையாவது அவர் பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. நம் ஸ்ரீதரன் சாருக்கு ஆவரேஜ் என்றால் இளப்பம். ஒரு டைலருக்குப் பத்துத் துண்டு இருந்தால், தையலின் நடுவிலேயே ஆரம்பிக்கிற ஒன்றிரண்டைக் கெட்டுப்போனது என்று தள்ளிவிடுவார். மிச்சத்தில் எது சின்னதோ அதுதான் 'பெஸ்ட் சைக்கிள்'. ஒரு தடவை செய்ய முடிந்தால் எப்போதும் செய்ய முடியும் என்பது அவர் சித்தாந்தம். ஆக, எந்தத் துண்டில் அதிகமாக விட்டுப்போயிருக்கிறதோ, அதையே பொறுக்கி எடுத்து, இதுதான் டார்கெட் என்று போர்டில் எழுதினார். வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க முடியாது.

இதில் மாட்டியவள்தான் மரியபுஷ்பம்.

தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவள். எங்கள் லைனில் கை வைப்பதற்கு, அதாவது டி-ஷர்ட்டின் உடம்போடு ஸ்லீவை இணைப்பதற்கு, அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வேகமாகத் தைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தைத்ததைப் பிரித்துத் தைக்காத ஆள் இவள் ஒருத்திதான். வேலை பார்க்கும்போது யாரோடும் பேசமாட்டாள், சாப்பாட்டு நேரத்தில் வாய் ஓயாது. அவளுடைய வீடியோவிலிருந்துதான் கை வைப்பதற்கு டார்கெட் போட்டார்கள். மணிக்கு இருபது பீஸ் கூடிவிட்டது.

லைனில் ஒருவருக்கும் அந்த டார்கெட் வரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மரியபுஷ்பத்துக்கும் வரவில்லை. அதுதான் வேடிக்கை. அவள் தைத்த வேகத்தில் அவளாலேயே தைக்க முடியவில்லை என்று போர்டு சொன்னது. உலகத்தில் எந்த மனிதனும் தன்னைவிட மெதுவானவன் என்று பெயர் வாங்கியிருக்கமாட்டான். அவள் வாங்கினாள்.

ஸ்ரீதரன் சார் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். "கேமரா முன்னால ஓட்டத் தெரியுதுங்க. லைன்ல வந்தா வேணும்னே கையக் கட்டிக்கறாங்க. டேட்டா சொல்லுதுங்களே." சனிக்கிழமைக்குள் டார்கெட் வரவில்லையென்றால் மிஷினை விட்டு இறக்கிவிடுவதாக முடிவு செய்தார்.

மிஷின் போவதைவிட அவளுக்குப் பெரிய அடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. லைனில் அத்தனை பேரும் அவளைக் குற்றவாளியாக்கிவிட்டார்கள். சாமளாபுரத்திலிருந்து வருகிற சரஸ்வதி என்று ஒருத்தி, அவளுக்குப் பக்கத்து மிஷின். இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். அவளே முதலில் ஆரம்பித்தாள்.

"கேமராவப் பாத்ததும் இவளுக்கு ரெக்கை மொளச்சுருச்சு. பறந்து காட்டிட்டா. இப்ப சாகறது நாமதான்."

மத்தியானம் கேன்டீனில் மரியபுஷ்பம் உட்கார்ந்தால் அந்தப் பெஞ்சு காலியாகும். நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு நாள் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டு போகவில்லை. எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நீங்கதான அன்னைக்கு எடுத்தீங்க. நான் என்ன பறந்தா தச்சேன்?" என்றாள். "எப்பமும் தைக்கமாரிதான தச்சேன். மிஷின்ல இருந்து எறக்கினாக்கூடப் பரவால்லண்ணே, இன்னொரு கம்பெனி இருக்கு. இவ்வளவு பேரும் என்னய ஏமாத்துக்காரின்னு நெனைக்காகளே, அதத்தான் தாங்க முடியல. சரசக்கா மொகத்தத் திருப்புதாக."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் மேல் பரிதாபம் என்று சொன்னால் அது பாதிதான். மீதிப் பாதி, ஒரு முட்டாள்தனம் டை கட்டிக்கொண்டு வந்ததாலேயே அதற்கு மரியாதை கிடைக்கிறதே என்கிற எரிச்சல்.

அன்றே அவளுடைய 'பெஸ்ட் சைக்கிள்' துண்டைத் திறந்து பார்த்தேன். முதல் படத்திலேயே ஸ்லீவ் மிஷின் பாதத்துக்கு அடியில் இருக்கிறது. எப்போது எடுத்தாள்? யார் கொடுத்தது? மூல வீடியோவைத் திறந்து அதே இடத்துக்குப் போனேன். ஸ்லீவ் கட்டை அவிழ்க்கிறாள், ஒன்றை எடுக்கிறாள், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று திருப்பிப் பார்க்கிறாள், விளிம்போடு விளிம்பு சேர்க்கிறாள். மூன்று வினாடி. அவ்வளவும் அந்தத் துண்டில் இல்லை. அவள் அந்தத் துணியைத் தொடவே இல்லை என்று கணக்கெழுதிவிட்டுத்தான் இத்தனை பீஸ் கொடு என்று கேட்டிருக்கிறார்கள்.

ஸ்ரீதரன் சாரிடம் நேராகப் போய்ச் சொன்னால் டேட்டா பேசும். ஆகவே அவர் வழியிலேயே போனேன். கேமராவைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லி, அவர் டீ குடிப்பதை எடுத்தேன். வழக்கம்போலக் கைக்குட்டையை உதறினார். டம்ளர் விளிம்பைச் சுற்றித் துடைத்தார். ஊதினார். குடித்தார், வைத்தார். டம்ளரைத் தொட்டதிலிருந்து வைத்தது வரை, அதே வல்லுநரின் வரியை வைத்தே வெட்டினேன். அதைப் போட்டுக் காட்டினேன். டம்ளர் அவர் உதட்டில் இருக்கும்போது படம் ஆரம்பித்தது.

"உங்க சைக்கிள் டைமுங்க சார்."

இரண்டு தடவை பார்த்தார். முகம் சுருங்கியது. "நான் தொடைக்கறதக் காணமுங்களே."

"அதத்தானுங்க சார் நானும் சொல்றேன்."

"தொடைக்காம நான் குடிக்கமாட்டனுங்களே."

"துணிய எடுக்காம அந்தப் பொண்ணாலயும் தைக்க முடியாதுங்க சார்" என்று மரியபுஷ்பத்தின் மூல வீடியோவையும், வெட்டிய துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதல் படங்களை நிறுத்தி வைத்தேன். ஒன்றில் அவள் விரல் கட்டின் முடிச்சில் இருந்தது. இன்னொன்றில் ஊசி இறங்கத் தயாராக இருந்தது.

அவருக்குப் புரிந்துவிட்டது. அதில் சந்தேகமில்லை. மனிதர் முட்டாள் இல்லை, அதுதான் கொடுமை. ஸ்டாப்வாட்ச் கயிற்றை விரலில் சுற்றினார். பிறகு, "நல்லதுங்க" என்றார்.

"அப்ப டார்கெட்ட மாத்திரலாமுங்களா சார்?"

"அது ஆர்டர் குடுத்த ஃபாரின் பையருக்குப் போயிருச்சுங்க. நம்பர மாத்த முடியாதுங்க. ஆனா நீங்க காட்டுனது நல்ல விஷயமுங்க. எடுக்கறதுக்குத்தானே மூணு செகண்டு? எடுத்துக் குடுக்க ஒரு ஆளப் போட்டா நம்பர் வந்துருமுங்களே. ரெண்டு மிஷினுக்கு நடுவுல ஒரு ஹெல்ப்பர்."

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீடியோ தப்பு என்று தெரிந்தும் வீடியோவைத் திருத்தாமல், அதற்கேற்ற மாதிரி லைனைத் திருத்துகிற மூளையை நினைத்துச் சிரிப்பும் வந்தது. எப்படியோ, அந்தப் பெண் தப்பித்தாள் என்று நினைத்தேன்.

"யாரப் போடறதுங்க சார்?"

"மரியபுஷ்பத்தப் போட்டுருங்க" என்றார். அவர் வாயில் ஒரு டைலரின் பெயரை அன்றுதான் கேட்டேன். "எப்படியும் மிஷின விட்டு எறக்கறதாத்தானே இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்குத்தான் ஸ்லீவு எப்படி எடுக்கோணும்னு நல்லாத் தெரியுதுங்களே."

அவர் குரலில் துளி விஷம் இல்லை. ஒரு மேஜையை நகர்த்திப் போடச் சொல்கிற மாதிரி சொன்னார்.

மறுநாள் காலையிலிருந்து மரியபுஷ்பம் இரண்டு மிஷினுக்கு நடுவில் நின்றாள். கட்டை அவிழ்த்தாள், ஸ்லீவைத் திருப்பி, விளிம்பு சேர்த்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டில் விட்டுப்போன மூன்று வினாடி எதுவோ, அதைச் செய்ய அவளையே நிற்க வைத்துவிட்டார்கள். அவளுடைய மிஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். இடது பக்கத்தில் சரஸ்வதி. அவள் ஸ்லீவை வாங்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கேன்டீனில் ஒரு டிவியும் டிவிடி பிளேயரும் உண்டு. மத்தியானம் பழைய பாட்டு ஓடும். மூல வீடியோவில் மரியபுஷ்பம் தைக்கிற பகுதியை என் முறையில், விரித்து, நிதானமாக வெட்டினேன். முதல் படம், கடைசிப் படம் பார்த்தேன். அதற்குப் பின்னால் வல்லுநரின் துண்டையும் சேர்த்து டிவிடியில் போட்டு, சாப்பாட்டு நேரத்தில் டிவியில் செருகினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் "நல்லதுங்க" என்று சொல்லித் தொலைத்திருப்பார்கள்.

"பாட்டப் போடுங்கண்ணா" என்று யாரோ கத்தினார்கள்.

"இதப் பாத்துட்டுப் பாட்டுக் கேளுங்க" என்றேன்.

டைலர்களுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முழுப் படம் என்ன, குறிப்பு என்ன என்று ஒரு வார்த்தை நான் பேசவில்லை. முதல் துண்டில் அவள் எப்போதும்போலக் கட்டை அவிழ்த்து, எடுத்து, திருப்பித் தைத்தாள். இரண்டாவது துண்டு ஓடியதும் பாதிப் பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஸ்லீவு எங்கிருந்து வந்துச்சுங்க?" என்று சரஸ்வதிதான் கேட்டாள்.

"அவ எடுத்தத வெட்டித் தூக்கிப் போட்டுட்டாங்க. அத வெச்சுத்தான் டார்கெட் போட்டுருக்காங்க."

"அப்ப இவ பறக்கவே இல்லீங்களா?"

"எப்பவும்போலத்தான் தெச்சிருக்கா."

சரஸ்வதி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் தனிப் பெஞ்சில் மரியபுஷ்பம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊர்ப் பெண்களுக்கு அது வராது. சரஸ்வதி தன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். மூடியில் கொஞ்சம் பொரியலை எடுத்து வைத்து, அவள் பக்கம் தள்ளினாள்.

"தின்னு கண்ணு" என்றாள். "நானும் ஒரு கூறுகெட்டவ."

அப்போதுதான் மரியபுஷ்பம் அழுதாள். மிஷினை விட்டு இறக்கியபோது அழவில்லை. பொரியலைப் பார்த்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் நாளையில இருந்து வரமாட்டேன்க்கா" என்றாள். "முதலிபாளையத்துல ஒரு கம்பெனி வாசல்ல டைலர் வேணும்னு போர்டு தொங்குது. அங்க ஒக்காந்து தைக்கலாம்லா."

சரஸ்வதி யோசித்தாள். மரியபுஷ்பத்தை மிஷின் இல்லாமல் இரண்டு பேருக்கு நடுவில் நிற்க வைத்தது அவளையும் உறுத்தியிருக்க வேண்டும். நாளைக்கு இன்னொரு துண்டு வெட்டுவார்கள், அப்போது நிற்பது யார் என்றும் யோசித்திருப்பாள்.

"எத்தன டைலரு வேணுமாம்?" என்று கேட்டாள்.

மறுநாள் காலை சைரன் ஊதி, லைட் எல்லாம் எரிந்தபோது ஓவர்லாக் பக்கம் ஆறு மிஷின்களில் உறை எடுக்கப்படாமல் இருந்தது. நடுவில் ஸ்லீவ் எடுத்துக் கொடுக்கிற இடமும் காலி. ஸ்ரீதரன் சார் வழக்கம்போலக் கையைப் பார்த்துக்கொண்டே லைனில் வந்தார். அங்கே பார்க்க ஒரு கையும் இல்லை. நின்று, நிமிர்ந்து, என்னைப் பார்த்தார்.

"எங்கீங்க எல்லாரும்?"

"முதலிபாளையத்துல இருப்பாங்கங்க சார்."

அவருக்கு வருத்தம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. கைக்குட்டையை எடுத்தார், எதைத் துடைப்பது என்று தெரியாமல் மறுபடி பையில் வைத்தார். "நல்லதுங்க" என்றார். ஆள் குறைவாக இருந்தாலும் லைனைப் புதுசாக அமைத்து ஓட்ட முடியும், அதற்கு இப்போது இருக்கிற நிலைமையை ஒரு வீடியோ எடுத்து, ஓவர்லாக் பகுதியை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்றார்.

எடுத்தேன். உறை போட்ட மிஷின், காலி ஸ்டூல், அவிழ்க்காத கட்டு, மறுபடி உறை போட்ட மிஷின். அந்த ஒரு வீடியோவை மட்டும் நான் வல்லுநரின் வரியை வைத்தே வெட்டினேன். காப்பி. நொடியில் விழுந்தது. முதல் படத்தையும் பார்க்கவில்லை, கடைசிப் படத்தையும் பார்க்கவில்லை. எந்த இடத்தில் பிய்த்தாலும் அதில் விட்டுப்போக ஒரு கைகூட இல்லை.